இரண்டு கீமோவும் கேட்காத பிறகு: ட்ரையலா, இருக்கிற மருந்தா, வீட்டோடு இருப்பதா?

முற்றிய புற்றுநோய்க்கு முதலில் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை, அடுத்ததும் கேட்கவில்லை என்றால் டாக்டர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார். "இன்னொரு கீமோ போட்டுப் பார்க்கலாம்." "புது மருந்துக்கு ட்ரையல் நடக்குது, சேர்றீங்களா?" "இனிமே வலி இல்லாம பார்த்துக்குவோம்." ஓ.பி.யை விட்டு வெளியே வருவதற்குள் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும். "எலி மாதிரி வெச்சு டெஸ்ட் பண்ணுவாங்க, வேணவே வேணாம்" என்று அண்ணன் சொல்வார். "புது மருந்துன்னா பவர் ஜாஸ்தி, விடக்கூடாது" என்று மருமகன் சொல்வார். நோயாளியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு சொந்தக்காரர்களோடும் தெருக்காரர்களோடும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருகிறவன். அப்படிப் பார்த்ததிலும், தேடிப் படித்ததிலும் எனக்குத் தெளிவானது இதுதான்: ட்ரையல் பொதுவாக நல்லதா கெட்டதா என்று வாதாடுவதில் பயனில்லை. இந்த நோயாளியின் கட்டியில் எந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்று தெரியுமா, அந்தப் புது மருந்து அதையேதான் குறிவைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளில் முக்கால்வாசி முடிவு அடங்கிவிடுகிறது. மிச்சம் கால்வாசி, உடம்பில் இருக்கும் தெம்பும் வீட்டின் நிலைமையும்.

முதல் கட்ட ட்ரையலில் என்ன நடக்கும்

டாக்டர்கள் 'ஃபேஸ் ஒன்' என்று சொல்லும் முதல் கட்டத்தின் முக்கிய வேலை நோயைக் குணப்படுத்துவது அல்ல. மனித உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும், என்ன பக்கவிளைவு வரும், ரத்தத்தில் மருந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். பழக்கமான முறையில் மூன்று மூன்று பேராகச் சேர்ப்பார்கள். முதல் மூன்று பேருக்கு மிகக் குறைந்த அளவு. முதல் 21 அல்லது 28 நாளில் யாருக்கும் கடுமையான பாதிப்பு வரவில்லை என்றால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் போகமாட்டார்கள். ஆக, தொடக்கத்தில் சேர்கிறவருக்கு மருந்து பற்றாமல் போகலாம். கடைசியில் சேர்கிறவருக்கு மிதமிஞ்சிப் போகலாம்.

அளவு முடிவான பிறகு இன்னொரு பகுதி வரும். குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, முடிவான அளவிலேயே மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். காகிதத்தில் இதற்கும் ஃபேஸ் ஒன் என்றுதான் பெயர். நோயாளிக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் ட்ரையல் என்ற பேச்சு வந்ததும் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "சார், இது டோஸ் கூட்டிப் பார்க்கிற பகுதியா, டோஸ் முடிவாகிடுச்சா?"

இப்போது எண்களைப் பார்ப்போம். 1991 முதல் 2002 வரை அமெரிக்காவில் நடந்த 460 முதல் கட்ட ட்ரையல்களை, கிட்டத்தட்ட 12,000 நோயாளிகளை, தொகுத்து 2005-ல் ஒரு ஆய்வு வந்தது. கட்டி சுருங்கியவர்கள் 10.6 சதவீதம். மருந்தாலேயே இறந்தவர்கள் 0.49 சதவீதம். அதற்கப்புறம் 2022-ல் வந்த இன்னொரு தொகுப்பில், 2000-05 காலத்தில் 9.6 சதவீதமாக இருந்த பலன் 2013-19 காலத்தில் 18 சதவீதமாக ஏறியிருந்தது. சிகிச்சையால் ஏற்பட்ட மரணம் 0.7 சதவீதம். "எலி" என்று பயப்படுகிறவர்கள் மரண விகிதத்தைப் பார்க்கட்டும்: நூற்றில் ஒன்றுக்கும் கீழே. "பவர்" என்று நம்புகிறவர்கள் அடுத்த எண்ணைப் பார்க்கட்டும்: இந்த நல்ல காலத்திலும் நூறு பேரில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி சுருங்கவில்லை.

ஆனால் இந்தச் சராசரி ஒரு பெரிய விஷயத்தை மூடி மறைக்கிறது. 2016-ல் 346 முதல் கட்ட ட்ரையல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கட்டியின் மரபணு மாற்றம் போன்ற அடையாளத்தைப் பரிசோதித்து, அதற்குப் பொருந்தும் மருந்தைக் கொடுத்த இடங்களில் 30.6 சதவீதம் பேருக்குப் பலன். பரிசோதிக்காமல் கொடுத்த இடங்களில் 4.9 சதவீதம். ஆறு மடங்கு வித்தியாசம். இந்த ஒரு தகவலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலே பல வீடுகளில் பாதிச் சண்டை குறையும் என்று நினைக்கிறேன்.

பொருத்தம் சரியாக அமைந்தால் முதல் கட்டத்திலேயே அற்புதம் நடந்திருக்கிறது. 1998-ல் இமாட்டினிப் மாத்திரையை முதன்முதலாக ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது, 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் இயல்பு நிலைக்கு வந்தன. நுரையீரல் புற்றில் ஏ.எல்.கே. என்ற மரபணுவில் மாற்றம் இருந்தவர்களுக்குக் கிரிசோட்டினிப் மாத்திரை 57 சதவீதம் பேரிடம் வேலை செய்தது. நுரையீரல் புற்றுக்கான ஒசிமெர்ட்டினிப் மாத்திரை இன்னும் தெளிவான பாடம்: ஒரே ட்ரையலில், ஒரே மருந்து, டி790எம் என்ற மாற்றம் உள்ளவர்களில் 61 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, அது இல்லாதவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான்.

மரபணு பொருந்தினால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சோட்டோராசிப் என்ற மருந்து கே.ராஸ் மரபணுவின் ஜி12சி மாற்றத்தைக் குறிவைப்பது. 2020-ல் வெளிவந்த முதல் கட்ட முடிவில் நுரையீரல் புற்றில் 32 சதவீதம், பெருங்குடல் புற்றில் 7 சதவீதம். அதே மாற்றம், அதே மாத்திரை, உறுப்புதான் வேறு. பெருங்குடல் செல்கள் அடைபட்ட வழியை விட்டுவிட்டு வேறொரு சமிக்ஞையை முடுக்கிவிட்டு வளர்கின்றன. எனவே "எந்த ஜீன்" என்று கேட்பதோடு "எங்க உறுப்புல இதுக்கு முன்னாடி பலன் பார்த்திருக்காங்களா" என்றும் கேட்க வேண்டும்.

'பலன்' என்ற சொல்லையும் அளந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நுரையீரல், குடல் போன்ற கட்டிகளில், ஸ்கேனில் அளந்தவற்றின் கூட்டு நீளம் 30 சதவீதமாவது குறைந்தால் அதைப் பலன் என்று எழுதுவார்கள். குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்படி ஒரு மாற்றத்தைக் குறிவைக்கும் இலக்கு மருந்துகளுக்கு எதிராகக் கட்டி பெரும்பாலும் ஒருநாள் பழகிக்கொள்கிறது. ஆனாலும் மூச்சு இரைக்காமல் மாடிப்படி ஏறும் சில மாதங்கள் சின்ன விஷயம் இல்லை. அது ஒரு வருடத்தைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு.

நம்மூரில் சொல்லப்படும் ட்ரையல் எது

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று. வெளிநாட்டில் கண்டுபிடித்த மருந்தை மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்ப்பது பொதுவாக இந்தியாவில் நடப்பதில்லை. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, அங்கே நடந்த முதல் கட்டத் தகவல்களைக் கொடுத்த பிறகுதான் இங்கே முதல் கட்டத்தை மறுபடி நடத்தவோ அடுத்த கட்டத்துக்குப் போகவோ அனுமதி. ஆகவே சென்னையில் உங்களிடம் ட்ரையல் என்று சொன்னால் அது இரண்டாம், மூன்றாம் கட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் கட்டம் என்றால் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சைதான் கிடைக்கலாம். அது மோசமில்லை, ஆனால் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

இந்திய மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவேடு 2007 முதல் இணையத்தில் இருக்கிறது. 2009 ஜூன் முதல் ட்ரையலை அதில் பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசில்லை. ட்ரையலின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் படித்த பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள். பதிவு எண் கொடுக்கத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அந்த விதிகள் நமக்குத் தரும் உரிமைகள் கெட்டியானவை. ஒப்புதல் படிவம் நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், அதன் பிரதி நம் கையில் தரப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். ட்ரையலால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியம் இலவசம். பாதிப்பு ட்ரையலால்தான் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. அந்த இழப்பீட்டுக் கணக்கில் 8 லட்சம் ரூபாய் அடிப்படைத் தொகை. நோய் முற்றி ஆயுள் ஆறு மாதத்துக்குள் என்ற நிலையில் இருப்பவருக்கு, அந்தக் கணக்கில் பெருக்கும் எண் வெறும் 0.5 என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்பதற்காக மட்டும் இழப்பீடு கிடையாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

இருக்கிற மருந்தெல்லாம் முடிந்ததா

ட்ரையலுக்குப் போட்டியாக வைக்க வேண்டிய முதல் வழி இதுதான், இதைத்தான் நாம் அவசரத்தில் தாண்டிப் போகிறோம். இந்தியாவில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்று வந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கும் மேல் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அதற்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை இந்தியக் கம்பெனிகளே செய்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒசிமெர்ட்டினிப் விலை கூடுதல். 2024 ஜூலையில் அதற்கும் வேறு இரண்டு புற்றுநோய் மருந்துகளுக்கும் சுங்க வரியை நீக்கினார்கள். பரிசோதனையே செய்யாமல் கீமோவில் ஆரம்பித்துவிட்டு, அது கேட்காதபோது "ட்ரையல் இருக்கா" என்று ஓடி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பயாப்ஸி எடுத்த இடத்தில் 'பிளாக்' இருக்கும், மெழுகில் பதித்த சதைத் துண்டு. அதைக் கேட்டு வாங்கலாம், அது நோயாளிக்குச் சேர வேண்டியது. பிளாக் கையில் இருந்தால் மரபணுப் பரிசோதனைக்கு மறுபடி ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டிய தேவை பல நேரம் வராது.

வட சென்னையில் நான் அதிகம் பார்ப்பது வாய்ப் புற்று. மாவா, ஹான்ஸ், வெற்றிலையோடு புகையிலை. அதற்கு நுரையீரல் புற்றுபோல வரிசையாக இலக்கு மருந்துகள் இல்லை. அதனாலேயே "ட்ரையல்தான் கதி" என்று நினைக்கிறார்கள். ஆனால் நம் நாட்டிலேயே, மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்த ஆய்வுகளைப் பாருங்கள். பழைய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையையும் செலிகாக்ஸிப் மாத்திரையையும் வீட்டிலிருந்தே சாப்பிட்டவர்கள் சராசரியாக 7.5 மாதம் இருந்தார்கள்; ஆஸ்பத்திரியில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோவை ஏற்றிக்கொண்டவர்கள் 6.1 மாதம். 422 பேரிடம் செய்து 2020-ல் வெளியிட்டது. அப்புறம், மாத்திரைச் சிகிச்சையோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் நிவோலுமாப் ஊசியை வெறும் 20 மில்லிகிராம், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கொடுத்தபோது ஒரு வருடம் தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். பெரிய டோஸ், பெரிய விலை என்றால்தான் மருந்து என்ற எண்ணத்தை இந்த ஒரு ஆய்வு உடைத்துவிட்டது. வாய்ப் புற்று திரும்பி வந்தவரிடம் யாராவது ட்ரையல் என்று சொன்னால், "இந்தக் குறைந்த டோஸ் சிகிச்சை எங்களுக்குச் சரிவருமா" என்று அதற்கு முன்னால் கேளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த மருந்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் மருந்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும்.

கடன் வாங்கி மருந்து வாங்குவது

இதை மட்டும் சுருக்கமாக, அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். மரபணு ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் "பொருந்தக்கூடிய மருந்துகள்" என்று ஒரு பட்டியல் வரும். அதில் வேறு புற்றுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தும் இருக்கும். அதைப் பார்த்து நகையை அடகு வைத்து வாங்குகிறார்கள். பிரான்ஸில் இதையே முறையாகச் செய்து பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள்: ரிப்போர்ட்டைப் பார்த்துக் கொடுத்த மருந்தில் நோய் 2.3 மாதம் கட்டுக்குள் இருந்தது, டாக்டர் வழக்கப்படி கொடுத்த சிகிச்சையில் 2 மாதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதே மருந்து ட்ரையலில் கிடைத்தால் இலவசம், கண்காணிப்பும் உண்டு. சொந்தக் காசில் என்றால் இரண்டும் இல்லை. மூன்று வழிகளோடு இதையும் நாலாவதாக வைத்துப் பார்த்தால், என் கணக்கில் இதுதான் கடைசி இடம்.

அலைச்சலும் கூலியும்

ட்ரையலில் மருந்து இலவசம். நாட்கள் இலவசம் இல்லை. முதல் நாள் மாத்திரை போட்டதும் அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று சாயங்காலம் வரை ரத்தம் எடுப்பார்கள், மறுநாள் காலையிலும் வரச் சொல்வார்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது போக வேண்டும். ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். சில ட்ரையல்களில் புதிதாகப் பயாப்ஸியும் கேட்பார்கள். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு திருவொற்றியூரிலிருந்து சின்னமலை போய் அடையாறு பக்கம் போவது முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. இருந்தாலும் கூட ஒருவர் வர வேண்டுமே. துறைமுகத்தில் லோடு இறக்குகிற மகனுக்கும் காசிமேட்டில் மீன் விற்கிற மகளுக்கும் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. போக்குவரத்துச் செலவைத் தருவார்களா, கூட வருபவருக்கும் உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மும்பைக்குப் போகிற ட்ரையல் என்றால் தங்குமிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

சேர நினைத்தாலும் எல்லோரையும் சேர்க்கமாட்டார்கள். நடமாடித் தன் வேலையைத் தானே பார்க்கிற தெம்பு வேண்டும். ஈரல், சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். மூளையில் பரவியிருந்தால் பல ட்ரையல்களில் கதவு மூடியிருக்கும். முந்தைய மருந்தை நிறுத்திச் சில வாரம் சும்மா காத்திருக்க வேண்டும். வேகமாக வளரும் கட்டி உள்ளவருக்கு அந்த இடைவெளியே ஆபத்து. நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது. இலக்கு மாத்திரைகள் பலவும் ஈரல் வழியாகவே கழிகின்றன, கூடவே போகும் வேறொரு பொருள் ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றவோ இறக்கவோ செய்துவிடும்.

வீட்டோடு இருப்பது

வலி நிவாரணச் சிகிச்சையைக் கடைசி வழியாக வைப்பதுதான் நாம் செய்யும் பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். 2010-ல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்று உள்ள 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் புற்றுநோய் சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே இந்தப் பராமரிப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். அதுவும் கடைசி நாட்களில் ஊசியும் குழாயும் குறைவாகவே பட்டு. பல புது மருந்துகள் காட்டும் லாபத்துக்கு இது குறைந்ததில்லை. ஆகவே இது ட்ரையலுக்கு மாற்று இல்லை. எந்த வழியில் போனாலும் முதல் நாளிலிருந்தே கூட எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம் பக்கத்தில் இதற்கு வழி இருக்கிறது. மணலியை ஒட்டிய மாத்தூரில் ஜீவோதயா இல்லம், முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமில்லாமல் தங்கவைத்துப் பார்க்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே வந்து பராமரிப்பதும் உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். மார்பின் மாத்திரை கேட்பதற்குப் பயப்படாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்கு அது பாதுகாப்பான மருந்து.

யாருக்கு எது

மரபணு மாற்றம் தெரிந்து, அதற்கு அனுமதி பெற்ற மருந்து இன்னும் தொடப்படவில்லை என்றால், அதை முதலில் எடுங்கள். ட்ரையல் காத்திருக்கட்டும். அந்த மருந்தும் முடிந்து, மாற்றத்தைக் குறிவைக்கும் அடுத்த தலைமுறை மருந்துக்கு, டோஸ் முடிவான பகுதியில் இடம் இருக்கிறது, நோயாளி நடமாடுகிறார் என்றால், நான் தயங்காமல் "சேருங்கள்" என்பேன். மும்பை என்றாலும் போகலாம். மரபணுப் பொருத்தமே பார்க்காத, டோஸ் கூட்டிப் பார்க்கும் ட்ரையல் என்றால் அந்த 4.9 சதவீதத்தை நோயாளியிடம் நேராகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "என்னால் அடுத்தவங்களுக்காவது உபயோகமாகட்டும்" என்று மனமறிந்து சேர்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிழைத்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் மட்டும் சேர்கிறார் என்றால், அவருக்கு யாரோ சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். வாய்ப் புற்றுக்கு, மாத்திரைச் சிகிச்சையைப் பார்க்காமல் ட்ரையலுக்குப் போவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பெரும்பகுதி நேரம் படுக்கையிலேயே இருக்கிறவருக்கு ட்ரையலும் வேண்டாம், மூன்றாவது கீமோவும் வேண்டாம்.

சேர்வது என்று முடிவானால், எப்போது விலகுவது என்பதையும் அன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் பொதுவாக அவர்களே நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, நடை போய்விட்டது என்றால் நோயாளி என்ன விரும்புவார் என்று அவரையே கேட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லி வையுங்கள். ட்ரையல் கோ-ஆர்டினேட்டரின் இருபத்துநான்கு மணி நேர எண்ணைப் படிவத்தின் பிரதியோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, இரவில் ஸ்டான்லிக்கோ ஜி.எச்.சுக்கோ அவசரமாக ஓட நேர்ந்தால் கையோடு எடுத்துப் போகும் இடத்தில் வையுங்கள். அங்கே பார்க்கும் டியூட்டி டாக்டருக்கு, இவர் உடம்பில் பெயரில்லாத ஒரு புது மருந்து ஓடுகிறது என்று அந்தக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.